லேசர்க் காட்சிச் சமிக்ஞையை ஒலிக்கோப்பில் பழுதின்றிச் சேமித்து இயக்கும் முறை

வெள்ளவத்தையில் ஒரு திருமண மண்டபத்தில் 'வாழ்த்துகள்' என்ற சொல்லை லேசர்க் கதிரால் திரையில் எழுதிக் காட்டியபோது, ழ், த், ள் ஆகிய மூன்றின் புள்ளிகளும் தத்தம் எழுத்துகளோடு மங்கிய கோடுகளால் ஒட்டிக்கொண்டு நின்றன. புரொஜெக்டரில் குறை இருக்கவில்லை. பென் டிரைவில் இடம் போதாதென்று சமிக்ஞைத் தடங்களைச் சோடி சோடியாக 128 கிலோபிட் எம்பி3 ஆக நான் மாற்றியதே காரணம். தமிழில் புள்ளி வைக்கும் ஒவ்வொரு முறையும் கதிர் அணைந்து, தாவி, மீண்டும் எரியவேண்டும் என்பதால், நமது எழுத்தில் இப்பழுது முதலில் புள்ளியிலேயே தெரியும்.

ஒலிக்கோப்பில் இருந்தாலும் இச்சமிக்ஞை ஒலி அன்று. இரண்டு தடங்கள் கதிரைத் திசைமாற்றும் கண்ணாடிகளைக் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் திருப்புகின்றன. மற்றவை சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் பிரகாசத்தைத் தீர்மானிக்கின்றன. காதுக்குக் கேளாது என்று கருதுவதைக் கழித்துவிடுவதே எம்பி3, ஏஏசி ஆகியவற்றின் வேலை. 128 கிலோபிட்டில் ஏறத்தாழ 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் வெட்டப்படும். கண்ணாடியைத் திருப்பும் கால்வோ மோட்டார் அவ்வளவு வேகத்தை எப்படியும் பின்தொடராது. ஆகவே வடிவத்தில் தெரிவது பெரும்பாலும் மெல்லிய நடுக்கமே. லேசர் டயோடோ மிக விரைவாக எரிந்து அணைவது. அதன் தடத்திலுள்ள செங்குத்தான விளிம்பு சாய்ந்து, விளிம்புக்கு முன்னரே அதிர்வும் தோன்றுவதால், அணைந்திருக்கவேண்டிய கதிர் வால் விடுகிறது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஆறு தடக் கோப்பை 5.1 எனப்படும் சூழொலி அமைப்பில் ஏஏசி ஆக்கினால், வழக்கமான வரிசையில் நான்காம் தடம் சப்வூஃபருக்கு உரியதாகக் கொள்ளப்பட்டு, தாழ்ந்த அதிர்வெண்கள் மட்டுமே அதில் எஞ்சும். கிடை, நிலைக்குத்து, சிவப்பு, பச்சை என்று அடுக்கியிருந்தால் பச்சை நிறமே சிதைந்துவிடும்.

எனவே மூலத்தை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் அளவில், எதையும் கழிக்காத வேவ் கோப்பாகவே வைத்திருங்கள். எட்டுத் தடங்களுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 69 மெகாபைட் செல்லும். இடம் குறைக்கத்தான் வேண்டுமெனில் ஃப்ளாக் வடிவைப் பயன்படுத்துங்கள். அது எட்டுத் தடங்கள் வரை ஏற்கும், விரித்தபின் ஒரு பிட்டும் மாறாது. சில தடங்களை மட்டும் எம்பி3 ஆக்குவதையும் தவிருங்கள்: மாற்றும்போது தொடக்கத்தில் சேரும் ஏறத்தாழ 1,100 மாதிரிகள் (சமிக்ஞையின் தனித்தனி அளவீடுகள்), அதாவது 23 மில்லிசெக்கன் தாமதம், நிறத்தையும் வடிவத்தையும் பிரித்துவிடும்.

இயக்கும்போது மாறாமல் நிற்கும் மின்னழுத்தத்தையும் (டிசி) கடத்தும் சவுண்ட் கார்டு தேவை. சாதாரண கார்டின் வெளியீட்டிலுள்ள மின்தேக்கி அதைத் தடுப்பதால் அசையாத புள்ளி நடுவுக்கு நழுவிவிடும். 1990களில் ஆடாட் என்ற எண்முறை ஒலிப்பதிவு நாடாவில் எட்டுத் தடங்களாக இக்காட்சிகளைப் பதிந்தவர்களும் இதற்காகவே கருவியைத் திருத்தவேண்டியிருந்தது. கணினியின் மாதிரி வீதத்தைக் கோப்பின் வீதத்துக்குச் சமமாக வைத்து, இயங்குதளத்தின் ஒலிக்கலவையைத் தவிர்த்துச் சவுண்ட் கார்டுக்கு நேராக அனுப்பும் ஏஸியோ போன்ற வழியில் இயக்குங்கள். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியையும் ஈக்குவலைசரையும் நிறுத்திவிடுங்கள். முன்னது படத்தைச் சுருக்கியும் விரித்தும் காட்டும்.

வேறொருவர் தந்த கோப்பை நம்புவதற்கு முன் அவரது மூலத்தைக் கேட்டுப் பெற்று, இரண்டையும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் மாதிரிக்கு மாதிரி பொருத்தி, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டுங்கள். முழு மௌனம் கிடைத்தால் கோப்பு பழுதற்றது. எம்பி3 வழியாக வந்து பின்னர் வேவ் ஆக்கப்பட்டதெனில் எச்சம் தெளிவாகத் தெரியும்.

அதன்பின் அலைகாட்டியில், ஒரு தடம் கிடையாகவும் மற்றது நிலைக்குத்தாகவும் வரையும் எக்ஸ்-வை நிலையில் வடிவைப் பாருங்கள். புரொஜெக்டரில் முதல் ஓட்டம், மண்டபத்தில் ஆட்கள் வருவதற்கு முன், குறைந்த வலுவில், வெறும் சுவரை நோக்கி, அவசர நிறுத்தப் பொத்தானில் கை வைத்தபடி நடக்கட்டும். சமிக்ஞை நின்று கதிர் ஓரிடத்தில் உறைந்தால், அது யாருடைய கண்ணையும் எட்டாத இடமாக இருக்கவேண்டும்.