டிரெட்மில்லுக்கு உறை தைக்கிறீர்களா? ரெக்ஸினை முதலில் கீழே வையுங்கள்

வீட்டு டிரெட்மில்லுக்கு உறை தைக்கத் துணிக்கடைக்குப் போகிறவர்கள் பலர் முதலில் கைவைப்பது ரெக்ஸினில்தான். தண்ணீர் இறங்காது, துடைத்தால் சுத்தம். புதுச்சேரி, கடலூர் மாதிரி கடலோர ஊரில் அதுதான் பெரிய தவறு.

நானும் செய்தேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். 2024 ஐப்பசியில் டிரெட்மில்லை மடித்து நிறுத்தி, தரை வரை தொங்கும் ரெக்ஸின் உறையைப் போட்டு, அடியில் எலாஸ்டிக் வைத்து இறுக்கிவிட்டேன். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது, கொட்டித் தீர்த்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் தை பிறந்து உறையைக் கழற்றினால் உள்பக்கமெல்லாம் ஈரம், போல்ட் தலைகளில் துரு, வியர்வை சொட்டிய இடத்தில் கைப்பிடியின் பெயின்ட் பொரிந்திருந்தது.

கூரை ஒழுகினால்தான் ஈரம் என்றில்லை. சமையலறை உப்பு ஜாடியைப் பாருங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரம் இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் இங்கே அது சாதாரணம். மெஷினின் மேல் வியர்வை உப்பும் இருக்கிறது, கடல்காற்று கொண்டுவரும் உப்பும் இருக்கிறது. ரெக்ஸின் அந்த ஈரத்தை வெளியே விடாது.

அதனால் காடாத் துணியோ (வெளுக்காத காட்டன்) மெல்லிய கேன்வாஸோ எடுங்கள். வராண்டாவில் நிற்கிற மெஷின் என்றால் மேல்துண்டு மட்டும் ரெக்ஸின், பக்கங்கள் துணி. கீழ் விளிம்பு தரைக்கு இரண்டு அங்குலம் மேலேயே நிற்கட்டும். காற்று போகும், வீடு துடைக்கிற தண்ணீரைத் துணி உறிஞ்சாது. நடந்து முடித்த கையோடு மூடாதீர்கள். கைப்பிடியைத் துடைத்து, மோட்டார் சூடு ஆறிய பிறகு மூடுங்கள்.

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கிய துணி காட்டனா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் காட்டன். உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர்.

காட்டன் என்றால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயப்போடுங்கள். இதையும் பட்டுத்தான் கற்றேன். ரெக்ஸினுக்கு அடுத்து தைத்த காடா உறை முதல் நாள் கச்சிதமாக இருந்தது. முதல் துவைப்புக்கு அப்புறம் கைப்பிடிக்கு மேலேயே நின்றுவிட்டது. நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினாலே ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஏழரை சென்டிமீட்டர் போய்விடும்.

அளவில் சறுக்குவது உடற்பயிற்சி சைக்கிளுக்கு அதிகம். ஹேண்டில்பாரின் அகலத்தை மட்டும் எடுத்துத் துணியை வெட்டிவிடுகிறோம். பெடல் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்பது, உறையை மாட்டும்போதுதான் தெரியும். பெடலைப் படுக்கை வாட்டத்தில் நிறுத்தி அங்கேயும் டேப்பை வைத்துப் பாருங்கள். சீட்டை வீட்டிலேயே உயரமானவர் வைக்கும் அளவுக்கு ஏற்றிவிட்டு அளவெடுங்கள். நான் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, பக்கவாட்டு உருவத்தை வரைந்து, அப்படி இரண்டு பக்கத் துண்டுகளும், நடுவில் முன்னிருந்து பின் வரை ஓடும் ஒரு நீளத் துண்டுமாக வெட்டுகிறேன். தையலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் தனி, தளர்வுக்கு மொத்தச் சுற்றில் ஐந்து சென்டிமீட்டர் தனி. மெஷினோடு ஒட்டிப் பிடிக்கிற உறையை யாரும் தினமும் மாட்டமாட்டார்கள். அது மூலையில்தான் கிடக்கும்.

தையலில், ரவிக்கைத் துணிக்குப் போடும் ஊசியை மாற்றிவிட்டு 16-ஆம் எண் போடுங்கள். நான்கு மடிப்பு சேரும் மூலையில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். நூல் பாலியஸ்டர்தான், காட்டன் நூல் ஈரத்தில் இற்றுப்போகும். இரும்பு ஜிப், இரும்பு ஐலெட் (துணி ஓட்டையில் பதிக்கும் வளையம்) வேண்டாம், சொல்லவே வேண்டியதில்லை.

உடற்பயிற்சி பெஞ்ச் மெத்தைக்கு மட்டும் ரெக்ஸின் சரி, வியர்வையைத் துடைக்க வேண்டுமே. ஆனால் அதில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. நெருக்கமாகத் தைத்தால் தபால் தலைத் தாள் மாதிரி தையல் வழியே கிழியும். மூன்றரை மில்லிமீட்டர் தையல் வையுங்கள். குண்டூசிக்குப் பதில் துணி காயப்போடும் கிளிப்பால் பிடியுங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு அக்காவுக்குத் தைத்தபோது, டிரெட்மில்லின் பாதுகாப்புச் சாவியை (அதைச் செருகினால்தான் மெஷின் ஓடும்) போட்டு வைக்க வெளியே ஒரு பாக்கெட் கேட்டார். வைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் போன் வந்தது: "சாவிய பேரன் எடுத்துட்டுப் போயிடுறான்மா, பாக்கெட்டை உள்பக்கம், மேலே வச்சுக் குடு."