நண்பர்களோடு மார்லின் பிடிக்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்லின் என்பது ஈட்டி போல நீண்ட அலகுள்ள பெரிய ஆழ்கடல் மீன். வாடகைப் படகில் அதைப் பிடிக்கப் போனால் அங்கே ஒரு கேப்டன் இருப்பார், கூடவே ஓர் உதவியாளரும் இருப்பார். மீன் கடித்ததும் யார் எங்கே நிற்க வேண்டும், யார் எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். நண்பரின் சொந்தப் படகில் நிலைமை வேறு. அங்கே எல்லோரும் சமம், யாரும் யாருக்கும் உத்தரவு போட மாட்டார்கள். கரையோரம் சின்ன மீன் பிடிக்கும்வரை இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பெரிய மீன் ஒன்று நரம்பை, அதாவது தூண்டில் நூலை, உருவிக்கொண்டு ஓடும்போதுதான், யார் சொல்லைக் கேட்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். சொந்தப் படகுப் பயணங்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வருகின்றன.

மீனின் அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1953 ஆகஸ்டில் பெரு நாட்டின் காபோ பிளாங்கோ கடலில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த கருப்பு மார்லின் 707 கிலோ. தூண்டிலில் பிடித்த கருப்பு மார்லினுக்கான உலக சாதனை இன்றும் அதுதான். உங்களுக்கு அவ்வளவு பெரியது கிடைக்காமல் போகலாம். 100 கிலோ மீனே போதும், படகில் இருக்கும் எல்லோரையும் திணறடித்துவிடும்.

கேப்டன் யார் என்று முடிவு செய்யாமல் கிளம்புவது

படகின் சொந்தக்காரர்தான் கேப்டன் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். "திரும்பலாம்" என்று அவர் சொன்னால் அங்கே விவாதம் கிடையாது. அவரே தூண்டிலைப் பிடிக்க ஆசைப்பட்டால், அந்த நேரத்தில் படகை ஓட்டப்போவது யார் என்பதையும் கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

வானிலை முடிவும் அப்படித்தான். லீவு போட்டாயிற்று, டீசல் நிரப்பியாயிற்று, இரையும் வாங்கியாயிற்று. விடியற்காலையில் படகடியில் நின்றுகொண்டு "போகலாமா வேண்டாமா" என்று கேட்டால், ஆசைதான் பதில் சொல்லும். அதனால் காற்று இவ்வளவு, அலை இவ்வளவு, அதற்கு மேல் போனால் பயணம் ரத்து என்று முந்தைய இரவே எண்ணில் எழுதி வையுங்கள். அலையின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்றும் பாருங்கள். ஒன்றரை மீட்டர் அலை 12 விநாடிக்கு ஒன்றாக வந்தால் படகு மெதுவாக ஏறி இறங்கும். அதே அலை 5 விநாடிக்கு ஒன்றாக வந்தால் நாள் முழுக்க முதுகில் அடி விழுந்தது போல இருக்கும். இன்னொன்று, வானிலை அறிக்கையில் போடும் அலை உயரம் அந்த நேரத்து அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. நடுவில் அதைப்போல இரு மடங்கு உயரத்தில் ஒன்று வரலாம்.

உபகரணம் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருப்பது

எரிபொருளுக்குப் பழைய கணக்கே நல்ல கணக்கு: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. மார்லினுக்காக இழுவைத் தூண்டில் போட்டு மணிக்கணக்கில் சுற்றுவோம், பெரிய மீன் மாட்டினால் அது போகும் திசையில் இன்னும் வெளியே போவோம். அதெல்லாம் அந்த முதல் பங்குக்குள் அடங்க வேண்டும்.

ஆழ்கடலில் செல்போனை நம்பக்கூடாது. நிலையான விஎச்எஃப் ரேடியோ வேண்டும், அவசரத்துக்கு 16-ஆம் சேனல். அதோடு 406 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஈபிர்ப் கருவி (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உங்கள் இடத்தைத் தெரிவிப்பது) ஒன்றும் வேண்டும், அது உங்கள் படகின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கவனிப்பதை 2009 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதெல்லாம் பல படகுகளில் இருக்கத்தான் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், எது எங்கே இருக்கிறது, எப்படி இயக்குவது என்பது படகுக்காரருக்கு மட்டும் தெரியும். கடலில் தவறி விழுந்தது அவராகவே இருந்தால்? மற்ற நாலு பேருக்கும் எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவரத் தெரியுமா, ஜிபிஎஸ் திரையில் இடத்தைப் படித்துச் சொல்லத் தெரியுமா? கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி எல்லோரையும் ரேடியோவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட்டை அவரவர் அளவுக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் கடலோரக் காவல்படையைக் கூப்பிட வேண்டும் என்று கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

கடல் மயக்கத்துக்கான மாத்திரையை வாந்தி வந்தபிறகு போட்டுப் பயனில்லை, கிளம்பும் முன்பே போட வேண்டும். மது கரைக்கு வந்தபிறகு. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிறையத் தூண்டில் போட்டால் நிறைய மீன் என்று நினைப்பது

ஏழெட்டுத் தூண்டில் போடுவது பழகிய குழுவுக்குச் சரி. புதியவர்கள் இருக்கும் படகில் நான்கு போதும், மூன்றே இருந்தாலும் குறையில்லை. படகு திரும்பும் ஒவ்வொரு முறையும் நரம்புகள் பின்னிக்கொண்டால், அதைப் பிரிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். போலி இரைக்குப் பொதுவாக 7 முதல் 9 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகம். உயிர் இரை என்றால் 2, 3 நாட்டுக்கு மேல் இழுக்காதீர்கள், செத்துப்போகும். இரை ஒழுங்காக நீந்துகிறதா, குமிழி விட்டு வருகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாசி சிக்கிய இரையை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு "இன்று கடலில் மீனே இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு.

முள்ளின் கூர்மையைத் தினமும் அரம் வைத்துப் பாருங்கள். முள்ளை ஒட்டி வரும் தடித்த நரம்பான லீடரை விரலால் தடவிப் பாருங்கள், எங்காவது சொரசொரப்பாக இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். மார்லினின் அலகு மணல்தாள் மாதிரி, நரம்பை அறுத்துக்கொண்டே இருக்கும்.

டிராக்கைக் குத்துமதிப்பாக வைப்பதும், நடுவில் இறுக்குவதும்

மீன் தவறுவதற்கு நான் பார்த்தவரையில் முதல் காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நரம்பு சுற்றியிருக்கும் ரீலில் உள்ள டிராக், மீன் இழுக்கும்போது நரம்பை ஒரு குறிப்பிட்ட விசையில் விட்டுக்கொடுப்பதற்கான பிரேக். கடிக்கும் நேரத்தில் அது நரம்பின் தாங்கு எடையில் கால் பங்கு முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 80 பவுண்டு நரம்பு என்றால் அது சுமார் 36 கிலோ தாங்கும், டிராக் 10 கிலோவை ஒட்டி இருக்கலாம். இதைக் கையால் இழுத்துப் பார்த்து "ம், சரியாக இருக்கிறது" என்று வைக்கக்கூடாது. ஒரு ஸ்பிரிங் தராசு வாங்கி, நரம்பைத் தூண்டில் கம்பின் வழியாக இழுத்து, எந்தப் புள்ளியில் ரீல் சுழல ஆரம்பிக்கிறது என்று அளந்து டிராக்கைக் கூட்டிக் குறைக்கும் லீவரில் அடையாளம் போடுங்கள். கரையிலேயே செய்ய வேண்டிய வேலை இது.

சரி, அளந்து வைத்தாயிற்று. மீன் கடித்து ஓடுகிறது, 300 மீட்டர், 400 மீட்டர் நரம்பு போய்விட்டது. ரீலில் அடிப்பகுதி தெரிகிறது. உடனே பக்கத்தில் நிற்கும் நண்பர் கத்துவார்: "இறுக்கு, இறுக்கு, நரம்பு தீரப்போகுது!" இவரும் லீவரை முன்னே தள்ளுவார். பட்டென்று அறுந்துவிடும்.

ஏன் அறுகிறது? ரீலுக்குள் இருக்கும் பிரேக்கின் பிடி மாறுவதில்லை, ஆனால் நரம்பு போகப்போக ஸ்பூலில், அதாவது ரீலின் உருளையில், மிஞ்சியிருக்கும் சுற்றின் விட்டம் சுருங்குகிறது. விட்டம் பாதியானால், அதே பிரேக் நரம்பின்மேல் இரு மடங்கு விசையாக விழும். நீங்கள் லீவரைத் தொடவே இல்லை, ஆனால் 10 கிலோ 20 கிலோவாகிவிட்டது. இது போதாதென்று, மீன் ஒரு பக்கம் திரும்பும்போது தண்ணீருக்குள் கிடக்கும் நூற்றுக்கணக்கான மீட்டர் நரம்பு வில்லாக வளைந்து இழுபடுகிறது, அந்தத் தண்ணீரின் எதிர்ப்பும் சேர்கிறது. ஆக, நரம்பு தீரும்போது லீவரைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். மீனை நெருங்கும் வேலையைப் படகு செய்யட்டும். ஓட்டுபவர் மீன் இருக்கும் பக்கமாகப் படகைக் கொண்டுபோக, தூண்டில்காரர் சுற்றி நரம்பை மீட்பதுதான் வழி.

அவுட்போர்டு எஞ்சின் (பின்பக்கம் வெளியே மாட்டுவது) வைத்த சின்னப் படகை, பெரிய விளையாட்டுப் படகுகளைப் பார்த்துப் பின்னோக்கி வேகமாக ஓட்டாதீர்கள். பின்பக்கம் தாழ்வாக இருக்கும், ஓர் அலை உள்ளே வந்தால் போதும். திருப்பி, முன்னோக்கியே துரத்துங்கள்.

கடித்த நொடியில் படகை நிறுத்துவது

ரீல் அலறியதும் ஓட்டுபவருக்கு வரும் முதல் எண்ணம் எஞ்சினை அணைப்பது. அப்படிச் செய்தால் நரம்பு தளர்ந்து முள் கழன்றுவிடும். அதே வேகத்தில் சற்று நேரம் முன்னே போக வேண்டும். அந்த இடைவெளியில் மற்றவர்கள் மீதித் தூண்டில்களைச் சுற்றி எடுத்துவிட வேண்டும். யார் எந்தத் தூண்டிலை எடுப்பது என்று காலையிலேயே பங்கு போட்டிருந்தால் கத்தலே இருக்காது. வீடியோ எடுக்க ஒருவரும் கையைக் காலியாக வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

இயற்கை இரைக்குச் சர்க்கிள் முள் (முனை உள்நோக்கி வளைந்தது) போட்டிருந்தால் கம்பை வெடுக்கென்று சொடுக்காதீர்கள். மீன் இரையோடு திரும்பும்போது நரம்பு தானாக இறுகட்டும், முள் சுழன்று வாயோரத்தில் மாட்டும். மீனின் வயிற்றுக்குள் முள் இறங்கிவிடாமல் இருக்கவே இந்த வடிவம். அமெரிக்காவின் அட்லாண்டிக் பகுதியில் மார்லின் போட்டிகளில் இயற்கை இரைக்கு இந்த முள்தான் போட வேண்டும் என்று 2008 முதல் சட்டமே இருக்கிறது.

தூண்டில் பிடிப்பவரை நடுநடுவே மாற்றுவது பற்றியும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். 1939-ல் தொடங்கிய, தூண்டில் மீன்பிடிச் சாதனைகளைப் பதிவு செய்யும் ஐஜிஎஃப்ஏ அமைப்பின் விதிப்படி, மீனோடு போராடும்போது வேறு ஒருவர் கம்பையோ லீடர் தவிர்த்த நரம்பையோ தொட்டால் அந்த மீன் சாதனைக்குச் செல்லாது. உங்களுக்குச் சாதனை முக்கியமில்லை என்றால், களைத்தவரிடமிருந்து வாங்கிக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் கிடையாது. வெயிலில் இரண்டு மணி நேரம் போராடுகிறவருக்குத் தண்ணீரை மற்றவர்தான் வாயில் ஊற்ற வேண்டும்.

லீடரைக் கையில் சுற்றிக்கொள்வது

உயிர் போகக்கூடிய தவறு இது. மீன் படகருகே வந்ததும் கடைசிச் சில மீட்டர் தடித்த நரம்பை ஒருவர் கையால் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். அந்த நரம்பு பல நூறு பவுண்டு தாங்கும், சுலபத்தில் அறாது. களைத்தது போலத் தெரியும் மார்லின் படகின் நிழலைப் பார்த்ததும் ஒரே பாய்ச்சலாகப் போகும். கையில் சுற்று இறுகியிருந்தால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். பல வருடம் இதே வேலை பார்த்தவர்கள்கூட இப்படிக் கடலுக்குள் இழுக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள்.

தேர்ந்தவர்கள் கையில் சுற்றுப் போட்டுத்தான் இழுப்பார்கள், ஆனால் விரலை விரித்ததும் சுற்று கழன்று ஓடும்படி போடுவார்கள். அதை அவர்களிடம் நேரில், கரையில் ஒரு கனமான பொருளைக் கட்டி இழுக்கச் சொல்லிக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றிராதவர் தொடவே வேண்டாம். தொடுபவருக்குத் தடித்த கையுறை வேண்டும், கையில் மோதிரமோ வாட்சோ இருக்கக்கூடாது. இழுத்த நரம்பு காலடியில் சுருண்டு கிடக்கக்கூடாது, உடனுக்குடன் தண்ணீருக்குள் தள்ளிவிட இன்னொருவர் வேண்டும். கத்தி ஒன்று எட்டும் தூரத்தில், எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மீன் தாவும் பக்கத்தில் யாரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், அந்த அலகு மனிதனைக் குத்தும்.

படத்துக்காக மீனைத் தூக்குவது

நீல மார்லினை உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் 2011-ல் அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. விடப்போகும் மீனைத் தண்ணீரிலேயே வைத்துப் படம் எடுங்கள். மார்லின் நீந்தினால்தான் செவுள் வழியே தண்ணீர் ஓடி அதற்கு மூச்சு கிடைக்கும். களைத்த மீனைப் படகோரம் அலகைப் பிடித்து, தலை முன்னோக்கி இருக்க, மிக மெதுவாக முன்னே போங்கள். நிறம் திரும்பி, வாலை அதுவே அசைக்கும்வரை விடாதீர்கள். அலகைப் பிடிக்கும்போது இரண்டு கட்டைவிரலும் ஒன்றையொன்று பார்த்திருக்கட்டும், மீன் துள்ளினால் உங்களைவிட்டுத் தள்ளிவிட அதுதான் வசதி. முள் ஆழத்தில் இருந்தால் நோண்டாமல் நரம்பை முள்ளுக்கு நெருக்கமாக வெட்டிவிடுங்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் போகிறீர்கள் என்றால், அந்தக் கடலின் சட்டத்தை முன்பே பாருங்கள். சில இடங்களில் அனுமதியே இல்லை, சில இடங்களில் நீள வரம்பு உண்டு. அமெரிக்க அட்லாண்டிக்கில் நீல மார்லின் 99 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் வைத்துக்கொள்ள முடியாது. பாதரசம் அதிகம் என்பதால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மார்லினைத் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. குளிர்விக்காமல் வெயிலில் போட்டால் இறைச்சியில் ஹிஸ்டமின் உருவாகும், சமைத்தாலும் அந்த நச்சு போகாது. ஆளைவிட நீளமான மீனை முழுக்க மூட எத்தனை மூட்டை ஐஸ் வேண்டும், அதை வைக்கப் படகில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அன்றைக்கு விடுவதற்காக மட்டும் பிடியுங்கள்.