கதைப் புத்தகம் என்றாலே ஓடுகிற பிள்ளைக்கு

மதுரைக்காரர்கள் ஒருநாள் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். 2023 ஜூலையில் திறந்தார்கள். குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அங்கே புத்தகத்தை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். படக்கதையோ, கிரிக்கெட்டோ, டைனோசரோ, வயசுக்குச் சின்னதாகவே இருந்தாலும் பிள்ளையே எடுக்கட்டும். பாதியில் அலுத்து வேறொன்றுக்குத் தாவினாலும் விட்டுவிடுங்கள்.

ராத்திரி நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். புலி குகைக்குள் தலையை நீட்டுகிற இடம் வந்ததும், 'மீதி நாளைக்கு' என்று நிறுத்தி, புத்தகத்தைத் தலையணைப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். விளக்கை மட்டும் உடனே அணைக்க வேண்டாம்.

முக்கியமாக, 'என்ன கத்துக்கிட்ட?' என்று கேட்கவே கூடாது. கேட்டால் கதையும் பாடமாகிவிடும். 'புலி அப்புறம் என்ன பண்ணுச்சு?' என்று கேளுங்கள், தானாகச் சொல்ல ஆரம்பிக்கும்.