அல்ஜீரியர்களின் தஞ்சக் கோப்பு: புதிதாக உதவ வருபவர்கள் தவிர்க்க வேண்டியவை

பிரான்சில் தஞ்சம் கேட்பவர்களுக்குக் கோப்பு எழுத உதவும் சங்கங்களில் இப்போது நம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் சேர்கிறார்கள். அப்பா அம்மாவின் கேஸைப் பார்த்தே வளர்ந்தவர்கள். பிரெஞ்சும் வரும், மனசும் இருக்கிறது. ஆனால் எதிரே ஓர் அல்ஜீரியர் வந்து உட்கார்ந்தால், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கையெழுத்தை மறப்பது, பிறந்த தேதியை மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் தானாகவே சரியாகிவிடும்.

துணைத் தூதரகத்துக்கு அனுப்புவது

அல்ஜீரியாவின் வடக்கே பெர்பர் மக்கள் வாழும் கபிலியாவிலிருந்து வந்த ஒருவர். 2019 பிப்ரவரியில் ஆட்சிக்கு எதிராகத் தொடங்கிய ஹிராக் என்ற மக்கள் போராட்டத்தில், கபிலியாவின் திசி உசூ நகர ஊர்வலங்களுக்குப் போனவர். 2021இல் அல்ஜீரிய அரசு கபிலியா சுயநிர்ணய இயக்கமான மாக்கைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது. பயங்கரவாதம் எது என்று சொல்லும் தண்டனைச் சட்டத்தின் 87 பிஸ் பிரிவையும் விரிவாக்கியது. அதன்பிறகு முகநூல் பதிவுகளுக்காக இவருக்கு அழைப்பாணை வந்தது. கிளம்பி வந்துவிட்டார். நல்ல பலமான கேஸ்.

கூட இருந்த புதியவருக்குக் கோப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்ற ஆசை. காலாவதியான பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவரும் போய் வரிசையில் நின்று, கைரேகையும் இங்குள்ள முகவரியும் கொடுத்து வாங்கி வந்தார்.

மறுப்பு வந்தபிறகுதான் கோப்பு என்னிடம் வந்தது. நேர்காணல் குறிப்பைப் படித்தேன். பாஸ்போர்ட் வழங்கப்பட்ட தேதியை அதிகாரி வாசிக்கிறார். தஞ்சம் கேட்டதற்குப் பிந்திய தேதி. "உங்களைத் தேடுகிற அரசிடம் நீங்களே போய் முகவரி கொடுத்தீர்களா?" என்று கேட்கிறார். "போகச் சொன்னார்கள், போனேன்" என்பது பதில். அதற்கப்புறம் ஊர்வலத்தைப் பற்றி அவர் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

அகதிகளுக்கான 1951 ஜெனீவா ஒப்பந்தத்தின் முதல் பிரிவிலேயே இது இருக்கிறது: சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மறுபடி நாடியவருக்கு ஒப்பந்தத்தின் பாதுகாப்பு நின்றுபோகும். பாஸ்போர்ட் வாங்குவதை அப்படி நாடியதற்கு அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அகதி அந்தஸ்து கிடைத்துப் பல வருடம் ஆனவருக்கும் இது பொருந்தும்.

எனக்கு இன்றும் ஆற்றாமை என்னவென்றால், அந்தப் பாஸ்போர்ட் தேவையே இல்லை. பாஸ்போர்ட் இல்லாமலே தஞ்சம் கேட்கலாம். அந்தஸ்து கிடைத்தால் பிறப்புச் சான்று, திருமணச் சான்று எல்லாவற்றையும், தஞ்சக் கோரிக்கையை முடிவு செய்யும் பிரெஞ்சு அலுவலகமான ஒஃப்ப்ராவே கொடுக்கும். இடையில் ஏதாவது அலுவலகத்தில் தூதரகப் பத்திரம் கேட்டால், தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் போக முடியாது என்று எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

ஏற்கனவே போய் வந்தவர் என்றால் மறைக்கச் சொல்லாதீர்கள். எப்போது போனார், யார் சொல்லிப் போனார், என்ன நெருக்கடி என்று வாக்குமூலத்திலேயே எழுதிவிடுங்கள். கேள்வி வந்தபிறகு சொல்லும் விளக்கத்துக்கு அந்த மதிப்பு கிடையாது.

ஹிராக் வரலாறு எழுதுவது

வேண்டாம். அது அதிகாரிக்குத் தெரியும். இவருடைய தெருவும் இவருடைய அழைப்பாணையும்தான் தெரியாது.

மொழி

கபிலியாவின் மொழியான கபில் பேசி வளர்ந்தவரை, அல்ஜீரியர்தானே என்று அரபு மொழியில் பதிய விட்டுவிடுகிறார்கள். பிரிஃபெக்சரில் (மாவட்ட அரசு அலுவலகம்) பதியும்போது சொல்லும் மொழியில்தான் பிறகு நேர்காணலும் நடக்கும். தடுப்புக்காவலில் பட்டதை அரைகுறையாகத் தெரிந்த மொழியில் சொல்லச் சொன்னால் முன்னுக்குப்பின் முரணாகத்தான் வரும்.

1968 ஒப்பந்தம்

இலங்கைத் தமிழர் கோப்புகளில் பழகிய கைக்கு இது புதிது. அல்ஜீரியர்களின் வதிவிட உரிமை 1968 டிசம்பர் 27 பிரெஞ்சு-அல்ஜீரிய ஒப்பந்தத்தின்படி தீர்மானிக்கப்படுகிறது. மற்ற வெளிநாட்டவருக்கான பொதுச் சட்டப் பிரிவை எடுத்து எழுதினால் மனு அடிப்படையிலேயே தவறு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குழந்தை, கடும் நோய் மாதிரி வேறு காரணமும் இருந்தால் தஞ்ச முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். தஞ்சம் கேட்டுப் பதிந்ததிலிருந்து 2 மாதத்துக்குள், நோய் என்றால் 3 மாதத்துக்குள், அந்த வதிவிட அட்டையையும் கேட்டாக வேண்டும்.

டப்ளின்

ஸ்பெயினின் அல்மேரியாவிலோ அலிகாந்தேயிலோ படகிலிருந்து இறங்கிக் கைரேகை கொடுத்தாரா என்று முதல் நாளே கேளுங்கள். கொடுத்திருந்தால், எந்த ஐரோப்பிய நாடு கோரிக்கையைப் பார்க்க வேண்டும் என்ற டப்ளின் விதிப்படி கோப்பு ஸ்பெயினுக்குப் போகக்கூடும்.

உறவினரை மொழிபெயர்க்க வைப்பது

அல்ஜீரியத் தண்டனைச் சட்டத்தின் 338ஆவது பிரிவு ஓரினச்சேர்க்கைக்கு 2 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை விதிக்கிறது. இதனால் ஓடிவந்த ஓர் இளைஞர், பக்கத்தில் மச்சானோ சித்தப்பாவோ உட்கார்ந்திருக்கும்போது உண்மையைச் சொல்லவே மாட்டார். வேலை கிடைக்கவில்லை என்று ஏதாவது சொல்லி முடித்துவிடுவார். அதுவே எழுத்தில் ஏறிவிடும். பிறகு உண்மையைச் சொன்னால் இட்டுக்கட்டியது என்பார்கள். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வெளியாளை வைத்துப் பேசுங்கள். நேர்காணல் அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் ஆணா பெண்ணா என்பதில் தனக்குள்ள விருப்பத்தை அவர் முன்கூட்டியே கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

மறுப்பு வந்தால்

மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம். அரசு செலவில் வழக்கறிஞர் கேட்க 15 நாள்.