டெக்ஸ்டைல் டிசைன் படிக்கும் முன் கைவிட வேண்டிய சில பழக்கங்கள்

மேல்நிலை வகுப்பில் டெக்ஸ்டைல் டிசைன் எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வரைந்து வரைந்து கையைப் பழக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். பூவும் கொடியும் அச்சில் வார்த்தாற்போல வரும். ஆனால் பருத்தி எது, பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி எது என்று கேட்டால் விழிப்பார்கள். துணியைத் தெரிந்துகொள்ளாமல் வருவதுதான் என் கணக்கில் முதல் தவறு, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதற்குச் செலவே கிடையாது. கிழிந்த உடைகளிலிருந்து உள்ளங்கை அளவுக்குத் துண்டுகள் வெட்டி, ஓரத்து நூல்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். பாவு என்ற நீளவாக்கு நூல் எப்படி ஓடுகிறது, ஊடை என்ற குறுக்கு நூல் எத்தனை பாவைத் தாண்டி உள்ளே நுழைகிறது என்று பூதக்கண்ணாடியில் தெரியும். ஒன்று மேலே ஒன்று கீழே என்று போனால் சாதா நெசவு. சாய்ந்த கோடுகள் தெரிந்தால் ட்வில். ஜீன்ஸ் துணி அந்த வகை. அதே துண்டைப் பாவு வாக்கில், ஊடை வாக்கில், பிறகு மூலைக்கு மூலை இழுங்கள். மூலைவாக்கில் அதிகம் இழுபடும். இது கைக்குத் தெரிந்தவர், துணியைக் கண்டபடி திருப்பி வைத்து வெட்ட மாட்டார்.

சாயத்தில் நடக்கும் தவறுகள் தனி ரகம். எல்லாத் துணிக்கும் ஒரே சாயம் போதும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. பருத்திக்கு ரியாக்டிவ் சாயமும் அதை நிலைக்க வைக்கச் சோடா ஆஷும் வேண்டும். கம்பளிக்கும் பட்டுக்கும் ஆசிட் சாயம் நன்றாகப் பிடிக்கும். பாலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயமும் நல்ல சூடும் தேவை. கலப்புத் துணியை ரியாக்டிவ் சாயத்தில் முக்கினால் பருத்தி இழை மட்டும் நிறம் வாங்கும். பாலியெஸ்டர் அப்படியே நிற்கும், நிறம் வெளிறித் தெரியும். சாயம் மட்டம் என்று பழி போடுவதற்கு முன் துணி என்ன என்று பாருங்கள். புதுத் துணியைத் துவைக்காமல் முக்குவதும் வேண்டாம். அதிலுள்ள கஞ்சி சாயத்தைத் திட்டுத்திட்டாக ஏறவைக்கும். சாயப் பொடியைக் கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள், சமையல் பாத்திரத்தை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

அடுத்தது ஸ்கெட்ச் புக். அதை ஆல்பம் மாதிரி அழகுபடுத்துகிறார்கள். சொதப்பிய பக்கத்தைக் கிழித்துவிடுகிறார்கள். அதைவிட மோசம், கடைசிப் படைப்பை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி முந்தைய பக்கங்களைப் பிறகு நிரப்புவது. நிறைய நோட்டுகளைப் பார்த்த ஆசிரியருக்கு அது சட்டென்று பிடிபடும்: தடுமாற்றமே இல்லாத நோட்டில் சிந்தனை நடந்த அடையாளமும் இருக்காது. கசிந்த அச்சு, சுருங்கிய துண்டு எல்லாவற்றையும் ஒட்டி, பக்கத்திலேயே ஏன் அப்படி ஆனது, அடுத்து எதை மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

ஆராய்ச்சி என்ற பெயரில் பின்டரெஸ்ட் படங்களை ஒட்டித் தள்ளுவதும் வழக்கமாகிவிட்டது. படம் எடுத்தால் போதாது, அது எப்படிச் செய்யப்பட்டது என்று தோண்ட வேண்டும். ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1883-ல் உருவாக்கிய 'ஸ்ட்ராபெரி தீஃப்' துணியைப் பார்த்துப் பறவைகள் அழகு என்று எழுதுவதில் ஒன்றுமில்லை. துணி முழுவதையும் அவுரி நீலத்தில் தோய்த்து, வேண்டிய இடங்களில் நிறத்தை வெளுத்தெடுத்து, பிறகு மற்ற நிறங்களை அச்சிட்டார்கள். இது தெரிந்தபின் நீங்களும் ஒரு கறுப்புத் துணியில் வெளுத்துப் பார்க்கலாம். ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் கலைப் பள்ளியில் நெசவு படித்த ஆனி ஆல்பர்ஸ், ஓர் அரங்கத்துக்காக ஒரு பக்கம் ஒளியைத் திருப்பியனுப்பும், மறுபக்கம் ஒலியை உறிஞ்சும் துணியை நெய்தார். செலஃபேன் என்ற கண்ணாடித்தாளையும் நூலோடு சேர்த்துக்கொண்டார். துணிக்கு இப்படியெல்லாம் வேலை கொடுக்கலாம் என்று புரிந்தால், உங்கள் யோசனைகள் பூங்கொத்தைத் தாண்டும்.

வடிவம் வரைபவர்கள் ரிபீட்டை, அதாவது ஒரே கட்டம் திரும்பத் திரும்ப அடுக்கப்படும்போது எப்படி வருகிறது என்பதை, சோதிக்காமல் விடுகிறார்கள். தனியாகப் பார்க்கும்போது அருமையாக இருக்கும் கட்டம், பத்து தடவை அடுக்கியதும் குறுக்கே ஒரு வெள்ளைப் பாதையைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நகலை நான்காக வெட்டி, மூலைகளை இடம் மாற்றி வைத்து, நடுவில் விழும் இடைவெளியை நிரப்பிப் பாருங்கள். பக்கத்து வரிசையைப் பாதி உயரம் கீழே இறக்கும் ஹாஃப் டிராப்பையும் முயன்று பார்க்கலாம். மென்பொருள் இதை நொடியில் செய்துவிடும்தான். ஆனால் கையால் செய்தவருக்குத்தான் எங்கே பிழை என்று கண்ணில் படும். திரையில் கண்ட நிறம் துணியில் அப்படியே வரும் என்றும் நம்பிவிடாதீர்கள்.

சேர்க்கைக்குப் படைப்புகளைக் காட்டச் சொன்னால், தூரத்திலிருந்து எடுத்த முழுப்படங்களை மட்டும் அடுக்காதீர்கள். தையலும் நூலும் தெரிகிற அளவுக்கு நெருக்கமான படங்கள் வேண்டும். முடிந்தால் தொட்டுப் பார்க்க நாலு துண்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.