பேச்சிப்பாறைக்கு மேலே இரண்டு பைக்: கோதையாறு, குற்றியாறு பக்கம் முதன்முறை போகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணை வரை எல்லோரும் போய்வருகிறார்கள். இந்தப் பதிவு அதற்கு மேலே, ரப்பர் தோட்டமும் காடும் மாறி மாறி வருகிற கோதையாறு லோயர் கேம்ப், குற்றியாறு பக்கத்துச் சாலைகளுக்கானது. இரண்டு பேர், இரண்டு பைக், ஒரு பகல். ஓட்டத் தெரியும், லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

புதியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சப்பாத்தில், அதாவது ஆற்றைக் கடக்கும் தாழ்வான தரைப்பாலத்தில்தான். அதனால் அதற்குத்தான் இந்தப் பதிவில் அதிக இடம். மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

எந்த நாள்

நம் மாவட்டத்துக்கு ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் தொடங்கி வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. கோடையிலும் மாலையில் இடிமழை வரும். முதன்முறை போகிறவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் சரி. அந்த மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும், அதைக் கவனிக்க வேண்டும். வளைவுகளில் காய்ந்த சருகு மெத்தை மாதிரி கிடக்கும், காலைப் பனி பட்டால் வழுக்கும். சருகின் மேல் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

போகும் நாளன்று காலை நாளிதழில் அணை நீர்மட்டமும் மழை அளவும் போட்டிருப்பார்கள். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. நீங்கள் பார்க்க வேண்டியது நாகர்கோவிலில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதை அல்ல. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, பாலமோர் கணக்கைப் பாருங்கள். நகரத்தில் வெயில் அடிக்கும்போதே மலையில் கொட்டித் தீர்த்திருக்கும். அணை நிறையும் நிலையில் இருந்து, இந்த மூன்று இடங்களிலும் தொடர்ந்து மழை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இன்னும் எளிதான அடையாளம் ஒன்று உண்டு. திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்று செய்தி வந்தால் அன்று மேலே போக வேண்டாம்.

எந்த பைக்

100 முதல் 160 சிசி வரை உள்ள எடை குறைந்த பைக்கே போதும், அதுதான் நல்லதும்கூட. சாலை குறுகல், ஓரம் அரித்திருக்கும். தடுமாறினால் காலூன்றித் தாங்கக்கூடிய எடையாக இருக்க வேண்டும். 200 கிலோ பைக்கைச் சரிவில் நிமிர்த்த இரண்டு பேரும் சேர வேண்டியிருக்கும். ஸ்கூட்டரை நான் பரிந்துரைப்பதே இல்லை. சக்கரம் சிறியது, குழியில் இறங்கினால் ஏறுவது சிரமம். பெல்ட் பகுதிக்குள் தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கி, முறுக்கினாலும் வண்டி நகராது. இறக்கத்தில் கியர் போட்டுப் பிடிக்கவும் முடியாது.

முந்தைய நாள் பார்க்க வேண்டியவை: செயின் தொய்வு (கீழ்ப் பகுதியின் நடுவில் மேலும் கீழும் 25 முதல் 30 மில்லிமீட்டர்), பிரேக் ஷூ, பேடு, கிளட்ச் லீவரின் ஆட்டம், டயரின் பட்டன். காற்று விஷயத்தில் பலரும் தவறு செய்கிறார்கள். மலைச் சாலைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று யாராவது சொல்வார்கள். அது மணலுக்கும் சேற்றுக்கும் பொருந்தலாம். இங்கே உடைந்த தாரின் கூர்மையான விளிம்பில் அடிபட்டால், காற்றுக் குறைந்த டயர் ரிம் வரை நசுங்கும். டியூப் உள்ள டயரில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். டியூப்லெஸ்ஸில் ரிம் வளையும். பைக்கில் ஒட்டியிருக்கும் அளவையே வையுங்கள்.

பஞ்சர்

டியூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட் ஒன்று, கால் பம்ப் ஒன்று. பேட்டரி பம்ப் வசதிதான், ஆனால் சார்ஜ் இல்லாத நாளில் அது வெறும் சுமை. ஆணியைப் பிடுங்கும் முன் ஸ்ட்ரிப்பை (ஓட்டையை அடைக்கும் ரப்பர் பட்டை) ஊசியில் பாதி வரை கோத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆணி எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில் ரீமரை (ஓட்டையைத் தேய்க்கும் சொரசொரப்பான கம்பி) விட்டுப் பத்து முறை தேய்க்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்பி இழை ஸ்ட்ரிப்பை அறுக்காமல் இருக்கத்தான் அது. ஸ்ட்ரிப்பின் இரண்டு முனையும் ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும் வரை அழுத்தி, ஊசியைத் திருகாமல் சட்டென்று நேராக இழுங்கள். திருகினால் ஸ்ட்ரிப்பும் கூடவே வந்துவிடும். வெளியே நிற்பதை முழுக்க ஒட்ட வெட்டாமல் மூன்று நான்கு மில்லிமீட்டர் விடுங்கள். காற்றடித்தபின் எச்சில் தொட்டு, குமிழி வருகிறதா பாருங்கள்.

ஸ்போக் சக்கரம், டியூப் டயர் என்றால் பின்சக்கர அளவில் ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், ஆக்ஸில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் வேண்டும். வீட்டு முற்றத்தில் ஒரு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள். அது முடியவில்லை என்றால், இருவரில் யாரிடம் டியூப்லெஸ் இருக்கிறதோ அந்த பைக்கில் இரண்டு பேரும் போவது மேல்.

வழியும் நேரமும்

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, திருவட்டார் வழியாகக் குலசேகரம், அங்கிருந்து பேச்சிப்பாறை. அணை வரை ஏறத்தாழ 43 கிலோமீட்டர். காலை ஆறுக்குக் கிளம்புங்கள். குலசேகரத்தில் புட்டும் பயறும் பப்படமும் சாப்பிட்டு, ஒரு சாயா குடித்து, பெட்ரோல் டேங்கை அங்கேயே நிரப்பிவிடுங்கள். மேலே கடையை நம்பிப் போக வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பழம் வேண்டுமென்றால் ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்). மட்டிப்பழம் ருசிதான், ஆனால் தோல் மெல்லிசு, பையில் நசுங்கி எல்லாவற்றிலும் ஒட்டும்.

அணையில் பத்து நிமிடம் நில்லுங்கள். 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்த கட்டுமானம் அது. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்கள் இந்த அணையின் தண்ணீரைக் குடித்தவை. அந்த மனிதரை ஒரு நிமிடம் நினைத்துவிட்டுப் போவது முறை.

அதற்குமேல் வனத்துறை சொல்வதுதான் சட்டம். சோதனைச்சாவடியில் வண்டி எண், பெயர், திரும்பும் நேரம் சொல்லுங்கள். விடவில்லை என்றால் வாதாடாமல் திரும்புங்கள். காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்குள் கேட்காமல் நுழையக் கூடாது, படமெடுக்கக் கூடாது. லோயர் கேம்பிலிருந்து அப்பர் கோதையாறுக்குப் பொதுச் சாலை கிடையாது. அங்குள்ள விஞ்ச் (கம்பிவடத்தால் மலைச்சரிவில் இழுக்கப்படும் வண்டி) மின்வாரியத்துக்கானது. அப்பர் கோதையாறுக்குச் சாலை மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாக, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. அது வேறு மாவட்டம், வேறு அனுமதி.

காலை நேரத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்கள் வாளியோடும் கேனோடும் சாலையைக் கடப்பார்கள். அவர்களுக்கு அது வேலை நேரம். நின்று வழிவிடுங்கள்.

சப்பாத்து

ஆற்றின் குறுக்கே தாழ்வாகப் போட்ட கான்கிரீட் தரைப்பாலம்தான் சப்பாத்து. தண்ணீர் குறைவாக இருந்தால் அடியில் ஓடும், கூடினால் மேலே ஓடும். மழைக்காலத்தில் குற்றியாறு தரைப்பாலம் மூழ்கி மலைக் கிராமங்கள் துண்டிக்கப்படுவது ஆண்டுதோறும் செய்தியில் வருவதுதான். தண்ணீர் மேலே ஓடும்போது கைப்பிடிச் சுவரும் இருக்காது, விளிம்பும் தெரியாது.

இருவரும் இறங்கி எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஆற்றைப் பாருங்கள். ஓரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் அந்தக் கல்லில் ஏறியிருந்தால் திரும்புங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்கினாலோ, பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கூடினாலோ மலையில் பெய்த மழை வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தலைக்கு மேல் நீல வானம் இருந்தாலும் இதை நம்புங்கள்.

ஆழம் எவ்வளவு? வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். கணுக்காலுக்கு மேல் ஓட்டமுள்ள தண்ணீரில் புதியவர்கள் பைக்கை இறக்கக் கூடாது. இது என் கோடு. அனுபவசாலிகள் இன்னும் ஆழத்தில் கடப்பதைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள், அவர்களுக்கு அந்தச் சப்பாத்தின் ஒவ்வொரு குழியும் தெரியும். கணுக்காலுக்குக் கீழே என்றாலும் ஒருவர் முதலில் நடந்து பார்க்க வேண்டும். குழி, உடைந்த கான்கிரீட், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாசி. கீழ்ப்பக்க விளிம்பில் பாசி அதிகம், அதனால் நடுவிலிருந்து சற்று மேல்பக்கமாக ஓட்டுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பைக்தான் கடக்க வேண்டும். மற்றவர் கரையில் நின்று ஆற்றின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், செல்போனில் படமெடுக்கக் கூடாது. முதல் கியர், ஒரே சீரான ஆக்ஸிலரேட்டர், கால்கள் ஃபுட்ரெஸ்டில், பார்வை எதிர்க்கரையில். ஓடும் தண்ணீரைப் பார்த்தால் பைக் தானாக நீரோட்டப் பக்கம் சாயும். நடுவில் கிளட்ச்சைப் பிடித்தால் வேகம் போய், காலூன்றி, பாசியில் வழுக்கி விழுவதுதான் நடக்கும். பெரும்பாலானோர் விழுவது இந்த ஒரு காரணத்தால்தான். பயம் வந்தாலும் இடது கை கிளட்ச்சைத் தொடக் கூடாது.

எஞ்சின் நின்றுவிட்டால் செல்ஃபை அழுத்தாதீர்கள். தள்ளிக் கரையேற்றி ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காய்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்யலாம். நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கக்கூடும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீர் முழுக்க வெளியேறும் வரை கிக்கரை மிதியுங்கள். கிக்கர் இல்லாத பைக் என்றால், பிளக்கைக் கழற்றிய பிறகு செல்ஃபைச் சிறிது சிறிதாக அழுத்தலாம். இதற்காகவே பிளக் ஸ்பேனர் கட்டாயம் வேண்டும்.

கடந்த உடனே வேகமெடுக்காதீர்கள். டிரம் பிரேக் நனைந்தால் பிடிக்கவே பிடிக்காது. நூறு மீட்டர் மெதுவாக, பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும்.

போகும்போது கணுக்கால் அளவு தண்ணீர் இருந்த சப்பாத்து திரும்பும்போது முட்டளவு ஆகியிருக்கலாம். அதனால் பகல் ஒரு மணி எந்த இடமானாலும் திரும்பும் நேரம் என்று கிளம்பும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அப்படியும் தண்ணீர் ஏறிவிட்டால், உள்பக்கமே இருந்து வடியும் வரை காத்திருங்கள்.

இருவராக ஓட்டுவது

மெதுவாக ஓட்டுபவர் முன்னால், கருவிப் பை வைத்திருப்பவர் பின்னால். வேகமானவர் முன்னால் போனால் பின்னால் வருபவர் துரத்தத் தொடங்குவார். பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னவர் நின்று, பின்னவரைக் கண்ணால் பார்த்தபிறகே திரும்ப வேண்டும். சிக்னல் கிடைக்காது. பத்து நிமிடம் காணவில்லை என்றால் முன்னவர் திரும்பி வர வேண்டும், பின்னவர் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது.

இறக்கத்தில் நியூட்ரலும் கூடாது, எஞ்சினை அணைத்து உருட்டுவதும் கூடாது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

யானை உள்ள காடு. 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைக் கொண்டுவந்து விட்டது இந்த மலைக்கு மேலே முத்துக்குழி வயல் பக்கம்தான். சாலையில் ஈரமான யானைச் சாணமோ ஒடித்த மூங்கிலோ கண்டால் வேகத்தைக் குறையுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். யானையே நின்றால் தூரத்திலேயே வண்டியைத் திருப்பி வைத்துக் காத்திருங்கள். அது சாலையை விட்டுப் போனபிறகும் உடனே கடக்காதீர்கள், பின்னால் குட்டியோடு இன்னொன்று வரலாம்.

பிறகு சேர்த்தது

வெளியூரிலிருந்து வந்த சிலர், "சப்பாத்தில் வெள்ளம் இருக்கிறதா என்று கேட்டோம், உண்டு என்றார்கள், பயந்து திரும்பிவிட்டோம்" என்று எழுதியிருந்தார்கள். இந்தப் பக்கம் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான். "அண்ணே, சப்பாத்துல வெள்ளம் எவ்வளவு? முட்டுக்குக் கீழயா மேலயா? மேல மழை உண்டா?" என்று கேளுங்கள், சரியான பதில் கிடைக்கும். எதிரே பேருந்து வந்தால் ஓட்டுநரிடமே கேட்கலாம்.

அட்டை பற்றியும் கேட்டிருந்தார்கள். ஈரக் காலத்தில் நின்ற இடத்தில் ஏறும். காலுறைக்குள் பேண்டைச் செருகி, மேலே உப்பும் புகையிலைத் தூளும் கலந்து தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்க்காமல், வாய்ப் பக்கத்தில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும்.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரம், நடந்து கடக்கலாம். வீட்டுக்கு வந்த அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் துரு ஏறியிருக்கும்.