மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு பணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் வருடாந்திரப் பரிசோதனைக்கு ஜிப்மர் ஆஸ்பத்திரி போயிருந்தேன். கடலூரில் காலை ஆறு மணி பஸ் பிடித்து, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ். பெஞ்சில் என் பக்கத்தில் குறிஞ்சிப்பாடிப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தலைமுடி இப்போதுதான் அரை அங்குலம் முளைத்திருந்தது. ஸ்கேன் கவர்களை மஞ்சள் பையில் போட்டு மடியில் அணைத்துக்கொண்டிருந்தார். "ஊசி, கரண்டு எல்லாம் முடிஞ்சிடுச்சுக்கா. இனிமே செலவு இல்லை. வாங்கின கடனை அடைச்சா போதும்" என்றார். கரண்டு என்று அவர் சொன்னது கதிர்வீச்சு சிகிச்சையை.

2013-ல் நானும் என் வீட்டுக்காரரிடம் இதையேதான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பத்து வருட மாத்திரை, வருடா வருடம் மேமோகிராம், எலும்பு ஸ்கேன், கைவீக்கம், பஸ் செலவு என்று ஒவ்வொன்றாக வந்தன. சிகிச்சை செலவு ஒரு பெருமழை போல. வந்து போய்விடும், ஊரே உதவிக்கும் வரும். அப்புறம் வருகிற செலவு ஓட்டுக் கூரையில் கசிகிற தண்ணீர். அதை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பில்லைத் தொலைக்காதீர்கள், போலி வைத்தியரிடம் போகாதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலானவை நானே செய்தவை.

முதல் ஆறு மாதத்தில் கையைக் காலி செய்வது

நோய் என்று தெரிந்த அன்றே வீட்டில் இருப்பவர்களுக்குக் கை பதறும். எங்கள் வீட்டில் பதினொரு பவுன் அடகுக்கடைக்குப் போனது, ரெண்டு வட்டிக்கு. ஒரு லட்சத்துக்கு மாதம் 2,000, வருடத்துக்கு 24,000. மூன்று வருடம் வட்டி மட்டும் கட்டினோம். நான்காம் வருடம் நகை மூழ்கிப்போயிற்று. அதையே கூட்டுறவு வங்கியில் வைத்திருந்தால் வட்டி பாதி அளவுதான் ஆகியிருக்கும்.

பண்ருட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், முந்திரிக் கொல்லையை விற்று ஆபரேஷனை முடித்த பிறகுதான் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி விசாரித்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கடலூர் கலெக்டர் ஆபீஸ் போனால் பதிவு செய்துவிடலாம். ஆனால் முன் அனுமதி வாங்கித்தான் சிகிச்சை நடக்க வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு பில்லைத் தூக்கிக்கொண்டு போனால் திரும்ப வராது. புதுச்சேரி எல்லைப் பக்கம் ரெட்டிச்சாவடி தாண்டிவிட்டால் எது தமிழ்நாடு, எது புதுச்சேரி என்றே குழம்பும். அங்கே ரேஷன் கார்டு எந்த அரசு கொடுத்தது என்பதுதான் கணக்கு. புதுச்சேரி கார்டுக்குத் தமிழ்நாட்டுத் திட்டம் கிடையாது.

பாலிசியைப் புதுப்பிக்காமல் விடுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

2009-ல் என் வீட்டுக்காரர் குடும்பத்துக்கு மூன்று லட்சத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்தார். 2012 ஆகஸ்டில் எனக்கு ஆபரேஷன். அந்த வருடம் பாலிசிதான் எங்களைத் தாங்கியது. மறுவருடம் ஜூனில் புதுப்பிக்கச் சொல்லி கடிதம் வந்தது. 11,400 ரூபாய். அதே ஜூனில்தான் பையனை இன்ஜினியரிங் சேர்த்தோம். வந்த ஏஜென்ட், "நீங்கதான் பெரிய கிளைம் வாங்கிட்டீங்களே, இனிமே உங்களுக்குக் கொடுக்க மாட்டாங்க. கட்டுற பணம் வேஸ்ட்" என்றார். நாங்கள் நம்பினோம். கடிதத்தை சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன். மனசு கேட்காமல் வீட்டுக்காரர் ஆபீஸுக்கு நேரில் போய் நின்றது 38-வது நாள். 30 நாள்தான் அவகாசம். எட்டு நாள் தாமதம், பாலிசி செத்துவிட்டது. புதிதாக எடுக்கலாம் என்று விண்ணப்பம் கொடுத்தார்கள். அதில் நோய் விவரம் எழுதும் கட்டத்தில் உண்மையை எழுதினேன். இரண்டு கம்பெனி மறுத்தன, மூன்றாவது கம்பெனி பதிலே போடவில்லை.

2016-ல் பித்தப்பையில் கல். புற்றுநோய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 85,000 கைக்காசு. 2018-ல் முதுகுவலி வந்தது. எலும்பில் பரவியிருக்குமோ என்று பெட் ஸ்கேன், பயாப்ஸி. கடவுள் புண்ணியத்தில் ஒன்றுமில்லை. ஆனால் 70,000 போனது. பிரீமியத்தை வருடா வருடம் விடாமல் கட்டியிருந்தால் இரண்டுக்கும் பெரும்பகுதி வந்திருக்கும்.

என்னை எரிச்சல்படுத்துவது என் பணம் போனதுகூட இல்லை. இரண்டு மாதம் முன்பு செம்மண்டலத்தில் ஒரு தங்கை, தன் ஏஜென்ட் சொன்னதாக அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னாள். "கிளைம் வாங்கிட்டோமேக்கா, இனிமே எதுக்கு?" பன்னிரண்டு வருடம் ஆகியும் இந்தப் பொய் சாகவில்லை.

உண்மை இதுதான். முன்பு கிளைம் வாங்கினார் என்பதைக் காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியே அப்படி. புதுப்பித்தால் காப்பீட்டுத் தொகை அடுத்த வருடத்துக்கு மறுபடி முழுதாக நிற்கும். 2024-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு கிளைம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. விடாமல் 60 மாதம் கட்டியிருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நீங்கள் அதைச் சொல்லவில்லை, இதைச் சொல்லவில்லை என்று கிளைமைத் தட்ட முடியாது. இவ்வளவு பாதுகாப்பும் அறுந்து போகாத பாலிசிக்குத்தான். அறுந்துவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. புற்றுநோய் வந்தவர்களுக்கென்று தனிப் பாலிசிகளும் இப்போது இருக்கின்றன. பிரீமியமும் அதிகம், நிபந்தனைகளும் அதிகம்.

அந்தத் தங்கையின் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அவகாசத்தில் இன்னும் 18 நாள் இருந்தது. அன்று சாயந்திரமே அவள் பையன் போனில் பணம் கட்டினான். அவகாசம் இருக்கிறதே என்று கடைசி நாள்வரை இழுக்கவும் வேண்டாம். அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் கிளைம் சிக்கலாகிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம் இருந்தது. போன வருடக் கணக்கை மனதில் வைத்து மலைக்காமல், புதுத் தொகையைக் கேட்டுப் பாருங்கள்.

குறிஞ்சிப்பாடிப் பெண்ணுக்குத் தனிப் பாலிசி கிடையாது. கணவர் நெய்வேலியில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்க்கிறார், அங்கே கொடுத்த குரூப் இன்சூரன்ஸ்தான். தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊரில் கடை வைக்கப் போகிறாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலையை விட்டால் அந்த இன்சூரன்ஸும் போய்விடுமே. வேலையை விடும் முன்பே அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், எழுத்தில் கேளுங்கள் என்றேன். அதை ஒரு மாத்திரை அட்டையின் பின்புறம் எழுதிக்கொண்டார்.

மறைத்து வாங்கும் பாலிசி

நோயை மறைத்து பாலிசி எடுத்தால், காட்டிக்கொடுக்க ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது தந்த ஒரு பழைய டிஸ்சார்ஜ் சம்மரி போதும், மொத்தமும் போய்விடும்.

மாத்திரையை இழுத்து இழுத்துச் சாப்பிடுவது

ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோய் என்றால் டமாக்சிஃபென், லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் இவற்றில் ஏதாவது ஒன்று, ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். மாதக் கடைசியில் காசு இல்லையென்று ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். கேட்டால் "உடம்புதான் நல்லாருக்கே" என்பார்கள். நோய் திரும்பாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. திரும்பிவிட்டால் ஆகும் செலவுக்கு முன்னால் மாத்திரைக் காசெல்லாம் ஒன்றுமே இல்லை.

சரி, காசுக்கு என்ன வழி? ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல விலைக்கு விற்கின்றன. டாக்டரிடம் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரையே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டோடு மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கேளுங்கள். இல்லையென்றால் வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். பத்து நாள் மாத்திரை கையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். தீர்ந்த அன்று போய் நின்றால், கிடைத்த விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

எலும்பு ஸ்கேனைத் தள்ளிப்போடுவது

லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும். இடுப்பு முறிந்தபின் வரும் பில்லை நினைத்துக்கொண்டு எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனுக்குப் போங்கள்.

ரயில் சலுகை கேட்காதது

சென்னை, வேலூர் என்று பரிசோதனைக்கு ரயிலில் போகிறவர்கள் ஆஸ்பத்திரியில் ரயில் சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம்.

தனக்கான பொருளைக் கடைசியில் வைப்பது

ஆபரேஷனில் அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கம் கை வீங்கலாம். எனக்கு இடது கை. அதற்கு அழுத்திப் பிடிக்கும் உறை ஒன்று போட வேண்டும், ஸ்லீவ் என்போம். ஆறு மாதத்தில் அதன் இழுவை தளர்ந்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பிடிமானம் இருக்காது. நான் ஒரே ஸ்லீவை மூன்று வருடம் போட்டேன். பையனுக்கு ஃபீஸ், மாமியாருக்குக் கண் ஆபரேஷன், தீபாவளி என்று ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது முன்னால் வந்து நின்றது. 2,700 ரூபாய்ப் பொருள், அதுவும் எனக்கு மட்டும் என்றால் கேட்க வாய் வரவில்லை.

2019-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீக்கம் இருந்த அந்தக் கையில் சங்கரா மீன் ஆயும்போது முள் குத்தியது. மதியம் சிவந்தது. ராத்திரி குளிர்ஜுரம், கை முழங்கைவரை சூடாகப் பளபளவென்று வீங்கிவிட்டது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றினார்கள். 32,000. பாலிசிதான் இல்லையே.

இப்போது ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று வாங்குகிறேன். வாங்கிய தேதியை மார்க்கரில் உள்ஓரத்தில் எழுதிவிடுவேன். மளிகைக் கணக்கு நோட்டில் பால், கேஸ் வரிசையிலேயே அதையும் போட்டிருக்கிறேன், மாதம் 450 ரூபாய்.